இன்சுலின் ஊசி ஒரு பழக்கமா?
இன்சுலினைச் சிதைக்கும் நொதியின் வரலாறு

கோல சிலாங்கூர் முதல் சுங்கை பஞ்சாங் வரையுள்ள வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும், அவற்றை அடுத்த சிறு பட்டணங்களிலும் வாழும் நம் மக்களிடையே ஓர் எண்ணம் ஆழ வேரூன்றி நிற்கின்றது. “இன்சுலின் ஊசியைத் தொட்டால் பிறகு அது நம்மை விடாது. கள்ளைப் போலவும் அபினைப் போலவும் அதுவும் ஒரு பழக்கமே. ஊசிக்குப் போனவன் கரையேறியதில்லை” என்பதே அவ்வெண்ணம். இதனை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியைத் தொடாமலே மாதங்களைக் கழிப்போர் பலர். கால் விரலில் புண் ஆறாமற் போன பின்னரும், கண்ணொளி மங்கிய பின்னரும், சிறுநீரகம் சோர்ந்த பின்னருமே அவர்கள் ஆஸ்பத்திரியின் படியேறுகின்றனர். அப்பொழுது அவர்களது நிலை கண்டு, “ஊசி போட்டதால்தான் இப்படியாயிற்று” என்று சுற்றத்தார் மேலும் ஒரு சாட்சி சேர்த்துக் கொள்கின்றனர்.

இவ்வெண்ணம் முழுமூடத்தனம் என்று தள்ளிவிடற்பாலதன்று. கண்ணாற் கண்ட ஓர் உண்மையின் மேல் எழுந்தது அது. இன்சுலினை இன்று போட்டவர் நாளையும் போட வேண்டியிருக்கின்றது; ஆண்டு பத்தானாலும் போட வேண்டியிருக்கின்றது. மலேரியாவுக்கு மருந்துண்டால் சில நாளில் முடிகின்றது. அம்மைக்கு ஊசி குத்தினால் ஆயுளுக்கும் காக்கின்றது. இன்சுலின் மட்டும் ஏன் ஒரு நாளைத் தாண்டி நிற்பதில்லை? இக்கேள்வி நியாயமானது. கேள்விக்கு மக்கள் தாமே கற்பித்துக் கொண்ட விடைதான் பிழையுடையது. சரியான விடையை அறிய வேண்டுமாயின், நம் உடலுக்குள்ளேயே இருந்துகொண்டு இன்சுலினைத் துண்டு துண்டாக்கும் ஒரு பொருளின் வரலாற்றை அறிதல் வேண்டும். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதை ஆராய்வதன் அவசியத்தை எண்களே கூறும். 1986-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் நடத்திய முதலாவது தேசிய உடல்நல ஆய்வில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 6.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருள்ளேயே அது 18.3 ஆயிற்று. அவ்வாய்வில் இந்தியர் கணக்கு மட்டும் 31.4. மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 எனக் குறைந்து காணப்பட்டபோதிலும், அதுவும் ஆறு பேரில் ஒருவர் என்னும் கணக்கேயாகும்.

இனிப்பு நீரிலிருந்து இன்சுலின் வரை

இப்பிணி புதியதன்று. ‘நீரிழிவு’ என்றும் ‘மதுமேகம்’ என்றும் நம் நாட்டு வைத்தியர் இதற்குப் பெயரிட்டிருந்தனர். சிறுநீர் தேன் போல் இனிப்பதையும், எறும்புகள் அதனை நாடி வருவதையும் சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல்கள் குறித்துள்ளன. அவ்வினிப்பு சர்க்கரையே என்பதை 1776-இல் இங்கிலாந்து நாட்டு வைத்தியர் மாத்யூ டாப்ஸன் எடுத்துக் காட்டினார்.

சர்க்கரை ஏன் சிறுநீரில் வடிகின்றது என்பது அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் விளங்கவில்லை. 1869-இல் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ், இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தினுள் சிறு தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். அவற்றின் வேலை யாதென்று அவர் அறிந்தாரில்லை. 1889-இல் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அந்நாய்க்குக் கடும் நீரிழிவு கண்டது. ஆகவே கணையத்திலிருந்து வரும் ஏதோ ஒரு பொருளே சர்க்கரையை ஆள்கின்றது என்பது உறுதியாயிற்று.

அப்பொருளைப் பிரித்தெடுத்தோர் கனடா நாட்டின் டொரன்டோ நகரத்தார். 1921-இல் பான்டிங் என்னும் இளம் வைத்தியரும் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மாக்லியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லியனார்ட் தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமாயில்லாமையால் அது பயன்படவில்லை. காலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைச் சுத்திசெய்து தர, ஜனவரி 23-ஆம் நாள் போட்ட ஊசி பலித்தது. சாகக் கிடந்த சிறுவன் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தோர் தம் உரிமைப் பத்திரத்தை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஈந்தனர். உயிர் காக்கும் மருந்தைத் தனியுடைமையாக்கலாகாது என்பதே அவர்தம் கருத்து.

உலகம் கொண்டாடியது. ஆனால் கொண்டாட்டத்தின் நடுவே ஒரு குறை தலைகாட்டிற்று. ஊசியின் பலன் சில மணி நேரமே நின்றது. ஒரு நாளில் பன்முறை குத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. 1936-இல் டென்மார்க் நாட்டு ஹாகடார்ன் என்பார், இன்சுலினோடு புரோட்டமின் என்னும் புரதத்தைக் கூட்டித் தோலுக்கடியில் அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்தார். அவர் செய்தது தோலுக்கடியில் கிடக்கும் மருந்தை மெதுவாக வெளிவிடும் உபாயம். இரத்தத்திற் கலந்துவிட்ட இன்சுலினின் ஆயுளை அவராலும் நீட்ட முடியவில்லை. அவ்வாயுள் எவ்வளவு? பாதி இன்சுலின் மறைய நான்கு முதல் ஆறு நிமிடங்களே ஆகின்றன. சோறு வடிக்கும் நேரங்கூட அன்று.

அழிப்பவன் யார்?

அத்தனை விரைவில் அது எங்கே போகின்றது? இறைச்சித் துண்டிலிருந்தும் ஈரலிலிருந்தும் எடுத்த சாற்றில் இன்சுலினை இட்டுப் பார்த்த ஆய்வாளர், அது தன் வலிமையை இழந்துவிடுவதைக் கண்டனர். 1949-இல் அமெரிக்க அறிஞர் ஆர்தர் மிர்ஸ்கி என்பாரும் அவருடைய துணைவர் ப்ரோ-கான் என்பாரும் இதனை முறையாக ஆராய்ந்து, உடலின் பல உறுப்புக்களிலும், சிறப்பாகக் கல்லீரலில், இன்சுலினை அழிக்கும் ஒரு பொருள் இருக்கின்றதென்று வெளியிட்டனர். அதற்கு ‘இன்சுலினேஸ்’ என்று பெயரிட்டனர். அது ‘என்ஸைம்’ என்று மேனாட்டார் வழங்கும் நொதிகளுள் ஒன்று. நொதி என்பது, தான் மாறாமல் நின்று பிற பொருள்களை மாற்றுவது. பாலைத் தயிராக்கும் உறைமோரின் செயலும், அரிசிமாவைப் புளிக்க வைக்கும் செயலும் இத்தகைய நொதிகளாலேயே நிகழ்கின்றன.

மிர்ஸ்கி அத்தோடு நின்றாரில்லை. துணிவான ஒரு கொள்கையை முன்வைத்தார். “நடுவயதில் வரும் நீரிழிவுக்குக் காரணம் கணையம் இன்சுலினைச் சுரக்காமையன்று, சுரந்த இன்சுலினை இந்நொதி அளவுக்கு மிஞ்சி விரைந்து அழித்துவிடுவதே காரணமாகலாம்” என்பது அக்கொள்கையின் கருத்து. அஃது உண்மையாயின் வைத்தியம் எளிது: நொதியைக் கட்டிப்போட்டால் போதும், ஊசி வேண்டா.

இதற்கிடையில் பிரான்சு தேசத்தில் வேறொரு செய்தி நிகழ்ந்திருந்தது. 1942-இல், உலகப் போரின் நடுவே, மான்பெலியே நகரில் ஜான்போன் என்னும் வைத்தியர் டைபாயிட் நோயாளருக்குச் சல்பா வகையைச் சேர்ந்த ஒரு புதிய மருந்தைக் கொடுத்தார். சிலருடைய இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறைந்துவிட்டது. லுபாத்தியேர் என்னும் அறிஞர் இதனை நாய்களில் ஆராய்ந்தார். இம்மருந்தின் வழித்தோன்றல்களே 1950-களின் நடுவில் வெளிவந்த சர்க்கரை மாத்திரைகள். அம்மாத்திரைகள் இன்சுலினேஸைத் தடுப்பதாலேயே பலிக்கின்றன என்று மிர்ஸ்கி 1956-இல் கருதினார். ஆனால் கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு அம்மருந்து பலிக்கவில்லை என்று லுபாத்தியேர் முன்னரே கண்டிருந்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளிவிடச் செய்வதே அதன் வேலை என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது.

ஒரு பெண்மணியின் சோதனை

நிற்க. மிர்ஸ்கியின் பெருங்கொள்கை சரியா, தவறா என்று எவ்வாறு அறிவது? நோயாளியின் உடலில் இன்சுலின் விரைந்து மறைகின்றதா என்பதை அளந்தாலன்றோ தெரியும்? இரத்தத்திலுள்ள இன்சுலினோ மிக மிகச் சொற்பம். அதனை அளக்கும் கருவி அக்காலத்தில் இல்லை.

இவ்வேலையை மேற்கொண்டவர் ரோஸலின் யாலோ என்னும் பெண்மணி. 1921-இல் நியூயார்க்கில் எளிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். பௌதிகம் படித்த பெண்ணுக்கு, அதிலும் யூதப் பெண்ணுக்கு, மேற்படிப்பில் இடம் கிடைப்பது அந்நாளில் அரிதாயிருந்தது. ஆகையால் சுருக்கெழுத்துப் பயின்று காரியதரிசி வேலைக்குப் போக அவர் ஆயத்தமாயிருந்தார். 1941-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே பொறியியற் பகுதியின் நானூறு பேர் கொண்ட ஆசிரியர் கூட்டத்தில் அவர் ஒருவரே பெண். பின்னர் நியூயார்க் பிராங்ஸ் பகுதியிலுள்ள முன்னாட் போர்வீரர் ஆஸ்பத்திரியில், ஸாலமன் பெர்ஸன் என்னும் வைத்தியரோடு கூடி அவர் ஆராய்ச்சி நடத்தினார்.

இருவரும் இன்சுலினுடன் கதிர்வீசும் அயோடினைப் பிணைத்தனர். மாட்டுக்கு மணி கட்டினால் அது எங்கே மேய்கிறதென்று தெரியுமன்றோ? அதுபோல், கதிரைக் கொண்டு இன்சுலினின் போக்கை அறிவது அவர்கள் எண்ணம். அவ்வின்சுலினை நோயாளருக்கும் நோயில்லாதாருக்கும் செலுத்தி, எவ்வளவு விரைவில் மறைகின்றதென்று பார்த்தனர். மிர்ஸ்கி கூறியது மெய்யாயின் நோயாளரிடத்து அது சீக்கிரம் மறைதல் வேண்டும். நடந்ததோ நேர்மாறு! முன்பு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களிடத்தில் அது மெதுவாகவே மறைந்தது. பிராணிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை அவர்தம் உடல் அயற்பொருளென்று கருதி, அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. அவ்வெதிர்ப்பொருள் இன்சுலினைப் பற்றிக்கொண்டு விடாதிருந்ததே தாமதத்துக்குக் காரணம்.

அத்தனை சிறிய பொருளுக்கு உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் என்பதை அக்கால அறிஞர் ஒப்பவில்லை. முதலில் அனுப்பிய பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பிவிட்டன. சொற்களைத் திருத்திய பின்னரே 1956-இல் அது அச்சேறிற்று. திருப்பியனுப்பிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த யாலோ, 1977-இல் நோபெல் பரிசு பெற்ற மேடையில் அதனை உலகுக்குக் காட்டினார்! பெர்ஸன் 1972-இலேயே மறைந்துவிட்டமையால் அவருக்கு அப்பரிசில் பங்கு கிட்டவில்லை.

இச்சோதனையிலிருந்து பெரும்பயன் ஒன்று விளைந்தது. எதிர்ப்பொருள் இன்சுலினை இறுகப் பற்றும் இயல்பையே அளவுகோலாகக் கொண்டு, இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை இருவரும் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் வகுத்தனர். அதற்குத் தனியுரிமை கோராமல் உலகுக்கே வழங்கினர். அம்முறையால் அளந்தபோது, நடுவயதில் நீரிழிவு கண்டவர் பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறைவின்றி, சிலரிடம் மிகுதியாகவே, இருப்பது தெரிந்தது. இன்சுலின் இருந்தும் உடல் அதன் சொல்லைக் கேட்பதில்லை. நாளடைவில் கணையமும் உழைத்து உழைத்துச் சோர்கின்றது. மிர்ஸ்கியின் கொள்கை வீழ்ந்தது. ஆயினும், வீழ்ந்த அக்கொள்கையைச் சோதிக்கப் புகுந்ததாலன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது? ஆராய்ச்சியில் தவறான கருத்தும், அதை நேர்மையாகச் சோதிப்போர் இருப்பின், வழிகாட்டியாகின்றது. சோதனைக்கு உட்படாத நம்பிக்கை மட்டுமே ஆயிரம் ஆண்டானாலும் இருந்த இடத்திலேயே கிடக்கின்றது.

நொதியின் அமைப்பு

கொள்கை வீழ்ந்ததே யொழிய நொதி பொய்யாகவில்லை. இன்சுலின் என்பது ஐம்பத்தொரு அமினோ அமிலங்கள் கோத்த இரு சரங்கள் என்பதை 1955-க்குள் இங்கிலாந்து அறிஞர் ஸாங்கர் முற்றும் வெளிப்படுத்தினார்; ஒரு சரத்தில் இருபத்தொன்று, மற்றதில் முப்பது. அதை வெட்டும் நொதியோ ஆயிரத்துப் பத்தொன்பது அமினோ அமிலங்களால் ஆன பெரும்புரதம். இன்சுலினை நெல்மணி யென்றால் நொதியை நெல் அரைக்கும் இயந்திரம் என்னலாம்.

1988-இல் இந்நொதிக்குரிய மரபணுவை அமெரிக்க ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். அது மனிதரின் பத்தாவது நிறப்புரியில் உள்ளது. அதன் அமினோ அமில வரிசையை ஒப்பிட்டபோது வியப்பான செய்தியொன்று தெரிந்தது: மனிதக் குடலில் வாழும் ஒரு கிருமியின் நொதியோடு அது உறவுடையதாயிருந்தது! கிருமிக்கு இன்சுலினுமில்லை, நீரிழிவுமில்லை. ஆகவே, இன்சுலின் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வகை நொதி உலகில் தோன்றியிருத்தல் வேண்டும். மனிதனைத் தனியே படைத்து மற்ற உயிர்களைத் தனியே படைத்தனர் என்போர் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

நொதியின் உருவத்தைக் கண்ணாற் காண்பதுபோல் காட்டியோர் சிக்காகோ பல்கலைக்கழகத்து வெய்-ஜென் டாங் குழுவினர். நொதியைப் பளிங்காக உறையச் செய்து, எக்ஸ்-கதிர்களைப் பாய்ச்சி, 2006-ஆம் ஆண்டில் அதன் வடிவை வெளியிட்டனர். இரண்டு கிண்ணங்களை முகத்தோடு முகம் வைத்துக் கவிழ்த்து, ஒரு பக்கத்தில் வாரால் இணைத்தது போன்றது அவ்வடிவம். கிண்ணங்கள் மூடும்போது நடுவே ஓர் அறை உண்டாகின்றது. இன்சுலினைப் போன்ற சிறு புரதம் அவ்வறைக்குள் அடங்கும், பெரும்புரதங்கள் நுழையா. எனவே உடலின் தசைகளையும் மற்றப் பெரும்பொருள்களையும் இது கடித்துக் குதறுவதில்லை. வாயிலின் அளவே அதற்குக் காவல்.

அறைக்குள் ஒரு புறத்தில் துத்தநாக அணு ஒன்று இருக்கின்றது. அதுவே கத்தியின் கூர். இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு குளூட்டமேட்டும் அத்துத்தநாகத்தைப் பிடித்து நிற்கின்றன. மற்றொரு குளூட்டமேட் வெட்டும் வேலைக்குத் துணைபுரிகின்றது. வெட்டுமிடத்துக்குச் சற்றுத் தொலைவில் அறையின் சுவரிலே ஒரு பிடிப்பிடம் உண்டு. உள்ளே வந்த புரதத்தின் ஒரு நுனியை அப்பிடிப்பிடம் பற்றிக்கொள்ள, மற்றப் பகுதி கூரின் மேல் வந்து விழுகின்றது. இரு கிண்ணங்களையும் பூட்டி வைக்கும் தாழ் போன்ற பகுதியும் உண்டு. அத்தாழைத் தளர்த்திக் கிண்ணங்கள் எளிதில் திறக்கும்படி ஆய்வாளர் செய்தபோது, நொதியின் வேகம் நாற்பது மடங்கு வரை உயர்ந்தது. திறத்தல், வாங்குதல், மூடுதல், வெட்டுதல், மீண்டும் திறந்து துண்டுகளை வெளியே விடுதல் என்னும் இவ்வைந்துமே அதன் தொழில்.

அழிப்பதால் யாது பயன்?

அரிதிற் சுரந்த இன்சுலினை அழிக்கும் வேலையை உடல் ஏன் செய்து கொள்ள வேண்டும்? தஞ்சோங் காராங் வயல்வெளியை அறிந்தார்க்கு இதை விளக்குதல் எளிது. வயலுக்கு நீர் வர வாய்க்கால் வேண்டும். நீர் வடியவும் வாய்க்கால் வேண்டும். வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகும். உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது. கணையம் இன்சுலினை அனுப்புகின்றது. சர்க்கரை தசைகளுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் செல்கின்றது. கல்லீரல் அதனைச் சேமித்து வைக்கின்றது. வேலை முடிந்த பின்னும் இன்சுலின் இரத்தத்தில் நின்றால், சர்க்கரை மேலும் மேலும் குறைந்து மூளைக்கு உணவின்றி மயக்கம் உண்டாகும். உயிருக்கே அபாயம் நேரும். ஆகவேதான் கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதற் சுற்றிலேயே அகற்றிவிடுகின்றது. சிறுநீரகமும் தன் பங்கைச் செய்கின்றது. வேளைக்கு வேளை, உணவுக்கு உணவு, புதிதாக அனுப்பிப் புதிதாக அழிப்பதே உடலின் முறை.

இவ்வேலையைச் செய்யும் தொழிலாளி இந்நொதி ஒன்றே யென்று எண்ணலாகாது. இன்சுலின் உயிரணுவின் மேலுள்ள தன் ஏற்பியில் அமர்ந்து, அதனுடன் உள்ளிழுக்கப்பட்டு, அங்கே வேறு நொதிகளாலும் சிதைக்கப்படுகின்றது. 2003-இல் இந்நொதியே இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தது. ஆயினும் அவை சர்க்கரையை ஆளும் திறத்தில் தாழ்ந்திருந்தன. 2018-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் கல்லீரல் உயிரணுக்களில் மட்டும் நொதியை நீக்கினர். இன்சுலின் அகலும் வேகம் பெரிதும் மாறவில்லை, ஆனால் உடல் இன்சுலினுக்கு இணங்காமற் போயிற்று. இந்நொதியின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

மேலும், இந்நொதி இன்சுலினை மட்டும் வெட்டுவதன்று. இன்சுலினுக்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் குளூக்ககானையும் அது வெட்டுகின்றது. முதுமையில் நினைவை அழிக்கும் அல்ஸைமர் நோயில் மூளையிலே படியும் ‘அமிலாய்ட் பீட்டா’ என்னும் பொருளையும் அது வெட்டுமென்று 1994-இல் தெரியவந்தது. நொதியில்லாத எலிகளின் மூளையில் அப்பொருள் மிகுந்திருந்ததையும் 2003-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி காட்டிற்று.

நொதியைக் கட்டிப்போடும் மிர்ஸ்கியின் பழைய ஆசை பின்னும் ஒருமுறை உயிர்பெற்றது. 2014-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எலியின் உடலில் இந்நொதியைத் தடுக்கவல்ல மருந்தொன்றை வெளியிட்டனர். எலிக்கு வாய்வழியே சர்க்கரை கொடுத்தபோது மருந்து நற்பலன் தந்தது. சர்க்கரையை ஊசியாற் செலுத்தியபோதோ பலன் தலைகீழாயிற்று; அழியாமல் நின்ற குளூக்ககான் சர்க்கரையை ஏற்றிவிட்டது. ஒரு வேலைக்காரனைக் கட்டிப்போட்டால் அவன் செய்துவந்த எல்லா வேலையும் நின்றுவிடுமன்றோ? “ஒரே மாத்திரையில் சர்க்கரையை வேரறுக்கிறோம்” என்று சந்தையிற் கூவுவோருடைய சொல்லை, எழுபதாண்டுக்கு மேல் உழைத்தும் அவசரப்படாத இவ்வறிஞர்களின் அடக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

நாம் கொள்ள வேண்டுவது

இனி, முதற்கண் எழுந்த கேள்விக்கு விடை தெளிவாகின்றது. இன்சுலினைத் தினந்தோறும் போட வேண்டியிருப்பது அது பழக்கப் பொருளாயிருப்பதால் அன்று. எந்த உடலும் இன்சுலினைச் சேமித்து இரத்தத்தில் வைத்துக்கொள்வதில்லை; சில நிமிடங்களிற் கழித்துவிடுகின்றது. நோயில்லாதவன் உடலிலும் இதுவே நிகழ்கின்றது. அவனுடைய கணையம் இரவும் பகலும் ஓசையின்றி ‘ஊசி’ போட்டுக் கொண்டேயிருக்கின்றது. கணையம் சோர்ந்தவர் அதே பொருளை வெளியிலிருந்து பெறுகின்றார். இதைப் பழக்கமென்றால், மூச்சு விடுவதும் சோறுண்பதும் பழக்கங்களே. கள்ளும் அபினும் உடலுக்கு வேண்டாத பொருள்கள். இன்சுலினோ பிறந்தநாள் தொட்டு உடல் தானே ஆக்கிவரும் பொருள். ஊசி போட்டதால் காலோ கண்ணோ கெடுவதில்லை. போட வேண்டிய காலத்தில் போடாமல் ஆண்டுக்கணக்கில் சர்க்கரையை ஏறவிட்டதாலேயே அவை கெடுகின்றன.

நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் சிலாங்கூர்க் கரையோரத்தில் மலேரியாவால் மடிந்த தமிழர் கணக்கற்றோர். மண்ணின் விஷமென்றும் தெய்வக் குற்றமென்றும் அன்று நம்பினோர் பலர். 1897-இல் இந்தியாவில் ரோனல்டு ராஸ் அக்காய்ச்சலைக் கொசு பரப்புவதைக் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்ஸன் என்னும் வைத்தியர் சதுப்பை வடியச் செய்து, புதரை அழித்து, கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். பிறகு அது தோட்டங்களுக்கும் பரவிற்று. படையலிட்டு நேர்ந்துகொண்டபோது குறையாத சாவு, வடிகால் வெட்டியபோது குறைந்தது. காரணம் தெரிந்த நோய் பாதி வென்ற நோய்.

அன்றைய எதிரி கொசு. இன்றைய எதிரி நம் வாழ்க்கை மாற்றத்தில் ஒளிந்திருக்கின்றது. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் தோன்றியது. அன்று தொட்டு மரத்துக்கு மரம் நடந்து, குலை சுமந்து உழைத்தவர் மக்களில் பலர், இன்று தொழிற்சாலையிலும் லாரியிலும் மேசை முன்னும் அமர்ந்து வேலை பார்க்கின்றனர். உழைப்பின் அளவு மாறியது. தட்டிலுள்ள சோற்றின் அளவும், டின்பால் கலந்த தேநீரின் இனிப்பும் மாறவில்லை. குடும்ப வழியும் இதற்குத் துணை நிற்கின்றது. ஆயினும் குடும்பத்தில் வந்தது தலைவிதியாகிவிடாது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்றாண்டு அளவுக்குக் கவனித்தனர். பொது அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் கண்டது. உணவைத் திருத்தி நாளும் நடந்தவருள் அது 39.3 ஆகக் குறைந்தது. அவர்களும் நம்மைப் போன்ற சோறுண்ணும் மக்களே.

அச்சென்னையில் 1948-லேயே பேராசிரியர் எம். விசுவநாதன், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் அதற்கென ஆஸ்பத்திரியும் நிறுவினார். தமிழர் இவ்வறிவுக்குப் புதியோர் அல்லர். நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்கிலும் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் வைத்தியரைக் காணலாம். ஆயினும் 2019-ஆம் ஆண்டின் ஆய்வில் நோயுள்ளாராகக் கணக்கிடப்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர், சோதிக்கும் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர்.

ஆகவே தோழர்களே, சோதித்துப் பாருங்கள். வீட்டாண்களை மட்டும் அனுப்பிவிட்டுப் பெண்கள் பின்தங்குவது வேண்டா. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்டு, தம் நோயைச் சொல்லாமலே காலங்கழிக்கும் தாய்மாரையும் தமக்கைமாரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஊசி வேண்டுமென்றால் அதனைத் தோல்வியென்று கருதற்க. அண்டை வீட்டார் சொல் கேட்டு நிறுத்தற்க. அளவைத் தாமே கூட்டவும் குறைக்கவும் துணியற்க. ஐயமிருப்பின் மருத்துவரையும் நர்ஸையும் கேளுங்கள். கேள்வி கேட்பது அவமானமன்று. ஊசி எடுத்துக்கொள்ளும் அண்ணனையோ அக்காளையோ காணும்போது, “இன்னும் விடவில்லையா?” என்று வினவும் வழக்கத்தை இன்றோடு நாம் விட்டொழிப்போமாக. விட வேண்டிய பழக்கம் அதுவே.